வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகர்கள்

நியூகாசில் இங்கிலாந்தின் வடகோடி, போர்ன்மத் தென்கடற்கரை. சாலைவழி சுமார் 560 கிலோமீட்டர். போர்ன்மத்தில் சனிக்கிழமை மதியம் கால்பந்து ஆட்டம் என்றால், நியூகாசில் ரசிகர்கள் விடியும் முன்பே பேருந்து ஏறிவிடுவார்கள். கழுத்தில் கறுப்பு வெள்ளைத் துண்டு, மடியில் சாண்ட்விச் பொட்டலம்.

டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. பிரீமியர் லீக் விதிப்படி வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இடங்கள், அல்லது மைதானத்தில் பத்தில் ஒரு பங்கு. எது குறைவோ அது. போர்ன்மத் மைதானமோ 11,000 சொச்சம் பேருக்குத்தான். அதனால், விடாமல் வெளியூர் போய்வருபவர்களுக்கே பல கிளப்புகள் முதலில் கொடுக்கின்றன. அதுதான் முறையும்கூட.

உள்ளே போனால் ஒரு மூலை. இரு தரப்புக்கும் நடுவே காவலர் வரிசை. நாற்காலி இருந்தும் யாரும் உட்காருவதில்லை. 90 நிமிடமும் நின்றபடியே பாட்டு.

ரசிகர் அமைப்புகள் போராடியதன் பலனாக, 2016-17 பருவத்திலிருந்து வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டுவதில்லை. ஆனால் தொலைக்காட்சிக்காக ஆட்டத்தைத் திங்கள் இரவுக்குத் தள்ளிவிட்டால், அன்றிரவே ஊர் திரும்ப ரயில் கிடையாது. இதற்கும் ஒரு வழி பிறக்க வேண்டும்.