பேராசிரியரை எடை போடுபவர் யார்?

ஆற்றின் குறுக்கே கட்டிய பாலம் உறுதியானதா என்று யார் சொல்ல வேண்டும்? பணம் கொடுத்தவரா, பொறியியல் கற்றவரா? விடை எளிது. ஆனால், ஒரு பேராசிரியரின் கருத்து சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? இக்கேள்வி அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டில் பெரும் புயலைக் கிளப்பியது.

கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தை, ரயில்வே அதிபர் லேலண்டு ஸ்டான்போர்டும் அவர் மனைவி ஜேனும் இறந்துபோன தம் மகன் நினைவாக நிறுவினர். 1893-இல் கணவர் காலமானபின் நிர்வாக அதிகாரம் அம்மையாரிடம் வந்தது. அங்கே சமூகவியல் பேராசிரியராக இருந்தவர் எட்வர்டு ராஸ். ஜப்பானியத் தொழிலாளர்கள் குடியேறுவதை எதிர்த்து 1900 மே மாதத்தில் அவர் பேசினார். அவரை விலக்கியே ஆகவேண்டும் என்றார் அம்மையார். பல்கலைக் கழகத் தலைவர் ஜார்டன், மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானி. முதலில் ராஸுக்காகப் பரிந்து பேசிய அவரும் இறுதியில் இணங்கினார். நவம்பரில் ராஸ் வெளியேறினார்.

குடியேற்றம் பற்றி ராஸ் கூறியது இனவெறுப்புக் கலந்த கருத்து. அப்படியானால் அவரை நீக்கியது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். தவறான கருத்தைச் சான்று காட்டித்தான் வீழ்த்த வேண்டும். வேலையைப் பறிப்பதால் ஒரு கருத்து பொய் என்று நிறுவப்படுவதில்லை. நாளை உண்மையைச் சொல்ல வருபவரும் வாய் திறக்க அஞ்சுவார். இதனை உணர்ந்த தத்துவ ஆசிரியர் ஆர்தர் லவ்ஜாய் உள்ளிட்ட சிலர் தாமும் பதவி துறந்தனர்.

சங்கம் பிறந்தது

அதே லவ்ஜாயும் ஜான் டூயி என்ற அறிஞரும் முன்னின்று, 1915-இல் அமெரிக்கப் பல்கலைக் கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கம் ஓர் அழகான உவமை கூறியது. நீதிபதியை அரசு நியமிக்கிறது. ஆனால் தீர்ப்பை அரசு எழுதித் தருவதில்லை. பேராசிரியருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

ஆராய்ச்சி செய்யவும், தம் பாடத்தை வகுப்பில் விவாதிக்கவும், குடிமகனாகப் பேசவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று 1940-இல் வெளியான அறிக்கை வகுத்தது. பாடத்துக்குத் தொடர்பில்லாத சர்ச்சைகளை வகுப்பில் புகுத்தலாகாது என்றும் எச்சரித்தது. தகுதி காண் பருவம் ஏழாண்டுக்கு மேற்படக் கூடாது. அதன்பின் தக்க காரணமும் விசாரணையும் இன்றி ஆசிரியரை நீக்கலாகாது.

ஆனால், விதிகளை ஒருவரே நினைத்தபடி மாற்றலாம் என்றால் இந்த உரிமை நிலைக்குமா? எனவே 1966-இல் கூட்டு நிர்வாகம் பற்றிய அறிக்கை வந்தது. நிதியையும் சொத்தையும் காப்பது நிர்வாகக் குழுவின் கடமை. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது. அவர்கள் முடிவை நிர்வாகம் அரிதாகவே மறுக்கலாம். மறுத்தால் காரணம் கூற வேண்டும்.

இவ்வறிக்கைகள் சட்டங்கள் அல்ல. ஒவ்வொரு கல்லூரியும் தன் விதிகளில் சேர்த்துக் கொண்டால்தான் அவற்றுக்கு வலு உண்டு.

பாலத்துக்குப் பணம் கொடுப்பவர், எவ்வளவு செலவிடுவது என்று தீர்மானிக்கலாம். தூண் பாரம் தாங்குமா என்பதைக் கணக்குத் தெரிந்தவரிடம் விடுவதே பாலத்தின்மேல் நடக்கப் போகிறவர்களுக்கு நல்லது.