சண்டை நடந்தால்தான் வாயைத் திறப்பார்!

உங்கள் உடம்புக்குள் ஒரு போலீஸ் படை இருக்கிறது. வெள்ளை அணுக்கள். கிருமி வந்தால் அடித்து விரட்டுவது டியூட்டி. சில பேருக்கு மட்டும் இந்தப் படைக்குத் திடீரென்று ஆள் அடையாளம் மறந்து போகும். வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்துத் தடியடி! மூட்டில் விழுந்தால் முடக்குவாதம். நரம்பு உறையில் விழுந்தால் மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ். டாக்டர் இதை 'ஆட்டோ இம்யூன்' என்பார். (ஆட்டோ ஸ்டாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

ஸ்டீராய்டு கொடுத்தால் படை அடங்கும். ஆனால் நிஜத் திருடன் வரும்போதும் அடங்கியே இருக்கும். அதுதான் சிக்கல்.

எலும்பு மஜ்ஜையில் 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று ஒரு ஆசாமி உண்டு. எலும்பு, குருத்தெலும்பு கட்டுகிற கொத்தனார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பார்த்தால், கட்டட வேலையைவிடப் பஞ்சாயத்துப் பேசுவதில் கில்லாடி!

2004-ல் ஸ்டாக்ஹோம் டாக்டர் கட்டரினா லெ பிளாங்க் குழுவினர் 'லான்செட்' இதழில் ஒரு கேஸ் எழுதினார்கள். ஒன்பது வயதுப் பையன். ரத்தப் புற்றுநோய்க்காக இன்னொருவரின் ரத்த ஸ்டெம் செல்லை ஏற்றியிருந்தார்கள். வந்த விருந்தாளி அணுக்கள் பையனின் குடலையும் ஈரலையும் தாக்க ஆரம்பித்துவிட்டன. எந்த மருந்துக்கும் மசியவில்லை. கடைசியில் அம்மாவின் மீசன்கைமல் செல்களை வளர்த்து ஏற்றினார்கள். சண்டை அடங்கியது. ஒரு வருஷம் கழித்தும் பையன் சௌக்கியம் என்றது கட்டுரை.

அப்புறம் எல்லா வியாதிக்கும் இதே வைத்தியமா? அங்கேதான் உதைத்தது. சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை.

காரணம், பஞ்சாயத்துக்காரரின் சுபாவம். எதிரே சண்டை நடந்தால்தான் வாயைத் திறப்பார். 'இன்டர்ஃபெரான் காமா' என்கிற ரசாயன வாடை பட்டால்தான் அவருக்கு வேகம் வரும். போதாக்குறைக்கு, நரம்பில் ஏற்றினால் பெரும்பாலானவர்கள் நுரையீரலிலேயே மாட்டிக்கொண்டு சில நாளில் காலி. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு அனுப்பினால் தூக்கக் கலக்கம் வேறு!

அதனால் இப்போது ஆராய்ச்சியெல்லாம் 'டிரெய்னிங்' பற்றித்தான். அனுப்புவதற்கு முன்பே லேபில் இன்டர்ஃபெரான் வாடை காட்டுகிறார்கள். உடனே செல், 'ஐ.டி.ஓ.' என்கிற என்ஸைமைத் தயாரிக்கிறது. தாக்குகிற டி-செல்களுக்கு வேண்டிய டிரிப்டோஃபானை அது தீர்த்துக்கட்டிவிடும். அதாவது கலகக்காரர்களின் மெஸ்ஸை மூடிவிடுவது! குறைந்த ஆக்ஸிஜனில் வளர்ப்பது, உருண்டை உருண்டையாகச் சேர்த்து வளர்ப்பது என்று வேறு பயிற்சிகளும் நடக்கின்றன.

கணக்கையும் பார்த்துவிடலாம். குடல் நோயான க்ரோன்ஸில் வரும் ஆசனவாய்ப் புரைக்கு 2018-ல் ஐரோப்பா அனுமதித்த 'அலோஃபிஸெல்', 2023-ல் பெரிய பரிசோதனையில் தேறவில்லை. 2024-ல் மார்க்கெட்டை விட்டே போனது. அதே 2024 டிசம்பரில், ஸ்டாக்ஹோம் பையனுக்கு வந்த அதே தொல்லை ஸ்டீராய்டுக்கு மசியாத குழந்தைகளுக்காக 'ரயான்ஸில்' மருந்தை அமெரிக்கா அனுமதித்தது. அறிவித்த விலை ஒரு டோஸ் 1,94,000 டாலர். எட்டு டோஸ். பெருக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

ஆகவே, 'ஸ்டெம் செல்லில் மூட்டுவலி முழுசாகக் குணம், இன்றே அட்வான்ஸ்' என்று யாராவது கூப்பிட்டால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது பரிசோதனைதானே ஸார்? சி.டி.ஆர்.ஐ. பதிவு நம்பர் சொல்லுங்க."

நம்பர் வராவிட்டால், பர்ஸை உள்ளே வையுங்கள். பயிற்சி முடியாத பஞ்சாயத்துக்காரருக்கு ஃபீஸ் எதற்கு?