ஐ.நா. ஹெலிகாப்டரில் வேலை: பணம் கட்டும் முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2015 டிசம்பர் வெள்ளத்தை ஸ்ரீபெரும்புதூர், படப்பை, ஒரகடம் பக்கத்து மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள், சூழ்ந்த தண்ணீரில் சிக்கியவர்களை மீட்டன. உணவுப் பொட்டலங்களைப் போட்டன. சென்னை விமான நிலையமே மூடப்பட்டு, அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கிய நாட்கள் அவை.

அன்று அண்ணாந்து பார்த்த சிறுவர்களில் பலர் இன்று பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்து, இதே வட்டாரத்துக் கம்பெனிகளில் ட்ரெயினியாகவும் காண்ட்ராக்டிலும் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். "அந்த ஹெலிகாப்டரை நானும் ஓட்ட முடியுமா? வெளிநாட்டில் நிவாரணப் பணியில் சேர முடியுமா?" என்று அவர்கள் கேட்பது நியாயமான ஆசைதான். ஆபத்தில் இருப்பவருக்கு உதவியும் கிடைக்கிறது, நமக்கு ஹலாலான சம்பாத்தியமும் கிடைக்கிறது.

ஆனால் இதே ஆசையைக் காசாக்கும் கூட்டமும் இருக்கிறது. "ஐ.நா. வேலை, அனுபவம் தேவையில்லை, டாலரில் சம்பளம், முன்பணம் மட்டும் கட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? இந்தத் தொழில் உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், பொய் தானாகவே வெளிப்பட்டுவிடும்.

ஐ.நா. விமானிக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

பஞ்சமும் போரும் உள்ள நாடுகளில் உதவிப் பணியாளர்களையும் மருந்துகளையும் கொண்டு செல்ல, ஐ.நா. மனிதாபிமான விமான சேவை இயங்குகிறது. இதை நடத்துவது உலக உணவுத் திட்டம். தெற்கு சூடான் போன்ற நாடுகளில் மழைக்காலம் வந்தால் சாலைகள் சேறாகிவிடும். பல ஊர்களுக்கு ஹெலிகாப்டர் மட்டுமே வழி.

அந்த ஹெலிகாப்டர்கள் ஐ.நா.வின் சொந்த வாகனங்கள் அல்ல. டெண்டர் விட்டு, தனியார் நிறுவனங்களிடமிருந்து விமானி, இன்ஜினியர் எல்லோருடனும் சேர்த்து வாடகைக்கு எடுக்கிறார்கள். நம் ஊர்க் கம்பெனிகள் ஊழியர்களை அழைத்துவர பஸ்ஸை டிரைவருடன் ஒப்பந்தத்தில் எடுப்பதைப் போன்றது இது. பஸ்ஸில் கம்பெனி பெயர் எழுதியிருந்தாலும் டிரைவருக்குச் சம்பளம் தருவது பஸ் முதலாளி. அதேபோல், ஹெலிகாப்டரில் ஐ.நா. என்று எழுதியிருந்தாலும் விமானிக்கு வேலை தருவது அதன் உரிமையாளரான நிறுவனம்.

ஐ.நா. அமைதிப்படைக்கு இன்னொரு வழியும் உண்டு. உறுப்பு நாடுகள் தங்கள் ராணுவ ஹெலிகாப்டர்களையே அனுப்பும். 2000 ஜூலையில் சியரா லியோனில் கிளர்ச்சியாளர்களின் முற்றுகையில் சிக்கிய இந்திய வீரர்களை மீட்ட 'ஆபரேஷன் குக்ரி'யில் நம் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பங்கேற்றன. 2003 முதல் சில ஆண்டுகள் காங்கோவிலும் அவை பணியாற்றின.

ஆகவே "ஐ.நா.வில் நேரடியாக விமானி வேலை வாங்கித் தருகிறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால், முதல் வாக்கியத்திலேயே சந்தேகம் வர வேண்டும்.

பறந்த மணிக்கணக்குதான் தகுதி

ஹெலிகாப்டர் ஓட்டிச் சம்பாதிக்க வணிக விமானி உரிமம் வேண்டும். இந்தியாவில் அதைத் தருவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருப்பது நல்லது. வானிலை, வழிகாட்டல், விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தேர்வுகளும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் தேவை. சர்வதேச விதிப்படி ஹெலிகாப்டரில் 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்துக்குள் என்றால் 100 மணி நேரம். ஆங்கிலப் பேச்சுத் திறனில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும்.

இத்தனையும் முடித்தவர் வாசற்படியில்தான் நிற்கிறார். நிவாரணப் பணி எடுக்கும் நிறுவனங்கள் கேட்பது நூற்றுக்கணக்கான மணி நேரம் அல்ல, ஆயிரக்கணக்கில். ஓடுதளம் இல்லாத பொட்டலில், புழுதி கண்ணை மறைக்கும்போது, பழுதானால் உதவிக்கு ஆளில்லாத இடத்தில் இறங்குவது புதியவரின் வேலை அல்ல. டெண்டர் நிபந்தனையும் இன்சூரன்ஸ் நிறுவனமும் அனுபவத்தைக் கணக்குப் பார்க்கும்.

அந்த மணிக்கணக்கை உள்நாட்டில்தான் சேர்க்க வேண்டும். மும்பைக் கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களைக் கொண்டு செல்வது, கேதார்நாத் யாத்திரைப் பயணங்கள், லட்சத்தீவில் நோயாளிகளைத் தீவிலிருந்து கொண்டு வருவது ஆகியவை இந்தியாவில் ஹெலிகாப்டர் விமானிகளுக்கு உள்ள வேலைகள். இங்கும் புதியவருக்கு இடம் குறைவு. ராணுவத்தில் பல ஆண்டு பறந்து ஓய்வு பெற்றவர்கள் அனுபவத்தோடு வரிசையில் முன்னால் நிற்கிறார்கள்.

வீட்டை அடகு வைக்கும் முன்

தனியார் பயிற்சிக்குப் பல லட்சங்கள் ஆகும். உரிமம் வாங்கிய பிறகு, குறிப்பிட்ட ரக ஹெலிகாப்டரை ஓட்டத் தனிப் பயிற்சிக்கும் செலவு உண்டு. இதற்காக வீட்டை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, பிள்ளை வேலையில்லாமல் உட்கார்ந்தால் குடும்பம் இரண்டு பக்கமும் நொறுங்கும். உரிமம் கையில் இருந்தாலும் வட்டி நிற்காது.

எனவே பணம் கட்டும் முன், முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறையோ இதயத்தில் பிரச்சினையோ இருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும். கண்ணாடி போடுவது மட்டுமே தடையாகாது. சில ஆயிரம் ரூபாய்ச் செலவு பல லட்சங்களைக் காப்பாற்றும்.

கட்டணமில்லாத பாதை

நேர்மையாகச் சொன்னால், நம் பிள்ளைகளுக்கு இதில் உறுதியான வழி ராணுவம்தான். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்தவர்கள் பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் என்டிஏ தேர்வு எழுதலாம். பட்டம் முடித்தவர்கள் 20 முதல் 24 வயதுக்குள் விமானப்படையின் ஏஎஃப்கேட் தேர்வு எழுதலாம். பயிற்சிக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை.

கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் பக்கத்து ஊரான அரக்கோணத்தில், ராஜாளி தளத்திலேயே இருக்கிறது. 2024 ஜூனில் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அனாமிகா ராஜீவ் பயிற்சி முடித்து வெளிவந்தது அங்கிருந்துதான். பெண் பிள்ளைகளுக்கும் இப்போது என்டிஏ கதவு திறந்திருக்கிறது.

பத்து, பதினைந்து ஆண்டு சேவைக்குப் பிறகு வெளியே வருபவரிடம் நிறுவனங்கள் கேட்கும் மணிக்கணக்கு இருக்கும். நீண்ட பாதைதான், ஆனால் யாரிடமும் கடன்படாத பாதை.

ஸ்பேனர் பிடிப்பவருக்கும் இடம் உண்டு

ஹெலிகாப்டர் போகும் இடமெல்லாம் பராமரிப்பு இன்ஜினியரும் கூடவே போக வேண்டும். அவர் கையெழுத்திடாமல் அது பறக்காது. இந்தத் தொழில் ஒரகடத்து இளைஞர்களுக்கு விமானி இருக்கையை விட நெருக்கமானது.

இதற்கு டிஜிசிஏவின் விமானப் பராமரிப்பு இன்ஜினியர் உரிமம் தேவை. டர்பைன் இன்ஜின் ஹெலிகாப்டருக்கான பிரிவு பி1.3, மின்னணுக் கருவிகளுக்கு பி2. டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்து, தேர்வுகளில் தேறி, பணிமனை அனுபவமும் காட்ட வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கார் கம்பெனி அனுபவமோ, வல்லம் வடகால் விமானத் தொழிற்பூங்காவில் உதிரிபாகம் செய்யும் வேலையோ இந்த உரிமத்துக்குச் சமம் ஆகாது. சிஎன்சி மெஷினிலும் தரப் பரிசோதனையிலும் பழகிய கை, உற்பத்தித் துறையில் நல்ல எதிர்காலத்தைத் தரும். பறக்கும் ஹெலிகாப்டரில் கை வைக்க உரிமப் படிப்பு தனியாக வேண்டும்.

சுமப்பது மாவு மூட்டையா, ஆயுதமா?

நிவாரண நிறுவனத்துக்கு ஓட்டுவதும், போர்க்களத்தில் தனியார் பாதுகாப்பு நிறுவனத்துக்கு ஓட்டுவதும் ஒன்றல்ல. 2005 ஏப்ரல் 21 அன்று இராக்கில் பல்கேரிய நிறுவனம் ஒன்றின் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதில் இருந்த 11 பேரும் கொல்லப்பட்டார்கள். பயணம் செய்தவர்களில் அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்களும் இருந்தார்கள்.

ஐ.நா. பெயர் இருந்தாலும் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. 2012 டிசம்பரில் தெற்கு சூடானில் அந்நாட்டு ராணுவமே தவறுதலாகச் சுட்டதில் ஐ.நா. ஒப்பந்த ஹெலிகாப்டரின் ரஷ்யப் பணியாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் சோமாலியாவில் அவசரமாகத் தரையிறங்கிய ஐ.நா. ஒப்பந்த ஹெலிகாப்டரை ஆயுதக் குழுவினர் கைப்பற்றினார்கள்.

அதே 2024இல், உதவியாளர் வேலை என்று நம்பி ரஷ்யா சென்ற இந்தியர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டது வெளியே வந்து, சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. சிலர் உயிரோடு திரும்பவில்லை. எனவே எந்த நாடு, யாருக்காக, எதை ஏற்றிச் செல்ல, என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். போர்ச் சூழலில் ஏற்படும் மரணத்துக்கும் ஊனத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டா, அவசரத்தில் நாடு திரும்ப யார் செலவு செய்வார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் சரிபார்க்க

ஐ.நா. அமைப்புகள் வேலைக்கு எடுப்பதன் எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்பதில்லை. கேட்டால் அது போலி.

ஏஜெண்ட், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது. ரசீது கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இராக், ஏமன், லிபியா, சூடான், தெற்கு சூடான், ஆப்கானிஸ்தான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டிப்ளமோ, டிகிரி படித்த நம் பிள்ளைகளுக்கு இந்த அனுமதி தேவையில்லை. இது வசதிபோலத் தெரியும். ஆனால் அவர்களின் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்காமலே விமானம் ஏறிவிடுகிறார்கள் என்பதே இதன் பொருள். அந்த வேலையைக் குடும்பம்தான் செய்ய வேண்டும்.

சந்தேகம் வந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தை அணுகலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு வானத்தின் மேல் ஆசை இருந்தால் இந்த மாதமே ஒரு கண் பரிசோதனையும் என்டிஏ பாடத்திட்டமும் போதும். ஏஜெண்டுக்குத் தரவிருந்த முன்பணம் வீட்டிலேயே இருக்கட்டும். இன்னொரு வெள்ளத்தில் மாடியில் நிற்பவரை நோக்கி இறங்கும் கைகளில் நம் வீட்டுக் கை ஒன்றும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.