காரியாலய வன்முறையும் ஊழியர் கடமையும்

காரியாலயங்களில் நிகழும் வன்முறையைத் தனிமனிதர் இருவரிடையே எழுந்த சச்சரவாகக் கொள்வதே நம்மிடையே நிலவும் வழக்கம். மேலதிகாரி இருவரையும் அழைத்துச் சமாதானம் செய்துவைப்பார். தாக்கப்பட்டவர் இரண்டு நாள் லீவிற் செல்வார். கோவையில் எதுவும் பதிவாகாது. இவ்வழக்கமே அடுத்த சம்பவத்துக்கு இடமளிக்கின்றது என்பது எமது கருத்து. வன்முறையை எதிர்நோக்கும் எழுதுவினைஞர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் வினா அவரது துணிச்சல் பற்றியதன்று. தொழில் ஒழுங்கமைப்புப் பற்றியது.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற் பயிலும் வகைப்பாடு இவ்விடத்துப் பயனுடையது. வன்முறை புரிபவருக்கும் தொழில் நிலையத்துக்குமுள்ள தொடர்பைக் கொண்டு அது நால்வகையினரை வேறுபடுத்துகின்றது: முறையான அலுவலெதுவுமின்றிக் கொள்ளை முதலிய நோக்கத்துடன் நுழைபவர், சேவை பெற வருபவர், அங்கு தொழில் புரிபவர் அல்லது முன்னர் புரிந்தவர், ஊழியரொருவருடன் தனிப்பட்ட உறவுடையவர். வாயிற் காவலாளி முதலாம் வகையினருக்காகவே பெரும்பாலும் நிறுத்தப்படுகின்றார். ஏனைய மூவரும் அவ்வாயிலைத் தடையின்றிக் கடந்து வருபவர்கள்.

நம் அரச காரியாலயங்களைப் பொறுத்தவரை இரண்டாம் வகையே ஆழ்ந்து நோக்கத்தக்கது. தீர்மானம் எடுப்பவர் உள்ளறையில் இருக்கின்றார். அதனை அறிவிப்பவர் கருமபீடத்தில் இருக்கின்றார். அரைநாட் கூலியை இழந்து பஸ் ஏறிவந்து, ஒரு கையொப்பத்துக்காக மூன்றாம் முறையும் திருப்பியனுப்பப்படும் மனிதனின் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். அது சென்று விழும் இடந்தான் தவறானது. எனவே, தாமதத்தின் காரணத்தையும் அடுத்து யாரைக் காணவேண்டும் என்பதையும் தெளிவாகக் கூறுவது மரியாதை மட்டுமன்று, பாதுகாப்புமாகும். குரல் உயரும்போது ஊழியர் தம் குரலைத் தாழ்த்த வேண்டும். விதிகளை எடுத்து வாதாடலாகாது. சக ஊழியரொருவரை அருகில் அழைத்துக்கொள்ள வேண்டும். பேசுபவர் ஒருவராகவே இருத்தல் நன்று. பலர் சூழ்ந்துகொண்டால் வந்தவர் அதனை அச்சுறுத்தலாகவே கொள்வார். வெளியேறும் வழி ஊழியரின் முதுகுப்புறம் திறந்திருக்குமாறு மேசை இடப்படல் வேண்டும். மேசைமேற் கத்தரிக்கோல் கிடத்தலாகாது.

உடலுக்கு ஆபத்து நேருமெனத் தோன்றின் வெளியேறுவதே கடமை. தாக்க வருபவரைப் பிடித்துவைக்கவோ துரத்திச் செல்லவோ முயலலாகாது. இதனைக் கடமை தவறுதலாகக் கருதும் மேலதிகாரிகள் உளர். ஆயின், சர்வதேச தொழில் தாபனம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிறைவேற்றி, 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்த 190ஆம் இலக்கச் சமவாயம், வன்முறையால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து உண்டென நியாயமாக நம்பும் ஊழியர், பழிவாங்கலுக்கு உட்படாது அவ்விடத்தை விட்டு நீங்கும் உரிமையை ஏற்கின்றது. நிருவாகத்துக்கு அறிவிக்கும் கடமையையும் உடன்வைக்கின்றது.

அறிவித்தல் எழுத்தில் அமைய வேண்டும். அன்றே, நினைவு மங்குமுன், நேரம், இடம், கூறப்பட்ட சொற்கள், கண்டவர்கள் ஆகியவற்றை எழுதித் திகதியிட்டு ஒப்பமிட்டு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல் வேண்டும். காயமெனின் பொலிஸ் முறைப்பாடும் வைத்தியப் பரிசோதனையும் தாமதியாது நிகழ வேண்டும். அரச ஊழியரைக் கடமையினின்று தடுக்கும் பொருட்டுத் தாக்குதல் நமது தண்டனைச் சட்டக்கோவையின் 344ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். 1995இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவோ, தொழிலிடத்தில் அதிகாரமுடையவர் சொல்லாலோ செயலாலோ புரியும் விரும்பத்தகாத பாலியல் அணுகல்களையும் குற்றத்துள் அடக்குகின்றது. இத்தகைய குற்றங்கள் மேலதிகாரியின் அறைச் சமாதானத்தோடு முடிந்துவிடலாகாது.

நான்காம் வகை பற்றி ஒரு சொல். ஊழியரொருவர் வரும் நேரத்தையும் செல்லும் நேரத்தையும் தொலைபேசியில் வினவுவோருக்குக் கூறாதிருத்தல் சிறிய செயலெனினும் உயிர்காக்க வல்லது.

மூன்றாம் வகைக்கு அமெரிக்கத் தபாற்சேவையின் வரலாறு பாடமாகும். 1986 ஆகஸ்ட் 20 அன்று ஒக்லகோமா மாநிலத்து எட்மண்ட் தபாலகத்தில் ஊழியரொருவர் சக ஊழியர் பதினால்வரைச் சுட்டுக்கொன்றார். அதன்பின் நிகழ்ந்த இத்தகைய சம்பவங்களால், தபாலூழியரையே வெறியராகச் சுட்டும் ஒரு கேலித்தொடர் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. 2000ஆம் ஆண்டில் அறிக்கையிட்ட ஆணைக்குழுவோ, தபாலூழியர் தொழிலிடத்திற் கொலையுண்ணும் வாய்ப்பு ஏனைய ஊழியரினும் குறைவே எனக் கண்டது. ஆயினும் 1994ஆம் ஆண்டின் அரச கணக்காய்வு அறிக்கை அச்சேவையின் அதிகாரத் தோரணையையும் நிருவாகத்துக்கும் ஊழியர்க்குமிடையே நீடித்த பிணக்குகளையும் எடுத்துக்காட்டியிருந்தது. கேலித்தொடர் நிலைத்தது, நிருவாகம் பற்றிய கண்டனம் பொதுநினைவில் நிலைக்கவில்லை.

கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான தொழில் வழங்குநர் எழுத்திலான தடுப்புத் திட்டமொன்றையும் ஒவ்வொரு சம்பவத்துக்குமான பதிவேட்டையும் பேணுதல் சட்டக் கடமையாகும். பதிவேட்டில் ஆளடையாளம் இடம்பெறலாகாது; அது ஐந்தாண்டு காக்கப்படல் வேண்டும்; ஊழியர் கோரின் காட்டப்படல் வேண்டும். சட்டம் வருமளவும் காத்திராது, நம் தொழிற்சங்கக் கிளைகள் இத்தகைய பதிவேட்டைத் தாமே தொடங்கலாம்; ஒரு பயிற்சிக் கொப்பி அதற்குப் போதும்.