கவன மருந்தும் எடைகுறைப்பு மாத்திரையும்

மெதில்பெனிடேட் என்னும் மருந்தைப் பிற மருந்துகளோடு சேர்த்து அடுக்கிவைக்க மருந்துக் கடைக்காரருக்கு உரிமை இல்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இடம்பெற்றது அது. தனி அலமாரியில் பூட்டி வைக்கப்படல் வேண்டும். மருத்துவர் இரு படிகளாக எழுதிய சீட்டின்றி விற்கலாகாது. அவற்றுள் ஒரு படியைக் கடைக்காரர் இரண்டாண்டு காத்து வைத்தல் வேண்டும். ஆனால் அதே கடையின் முன்புறத் தட்டிலே, உடலை இளைக்கச் செய்வதாகக் கூறும் மாத்திரைகளும் பொடிகளும் எவரும் வாங்கும் வண்ணம் வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை வாங்குவோரிடம் சீட்டுக் கேட்பார் இல்லை. வேறு மருந்து உண்கின்றீரா என வினவுவாரும் இல்லை. பூட்டிய அலமாரியிலிருந்து வந்ததும் திறந்த தட்டிலிருந்து வந்ததும் ஒரே உடலிற் சேரும்போது விளைவது யாது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

கவனக்குறைவும் மிகைச் செயற்பாடும் கூடிய கோளாறு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி. எனப்படுவது, சிறு பருவத்திலேயே தோன்றுவது. பலரிடம் வளர்ந்த பின்னும் நீடிப்பது. இதற்குத் தரப்படும் ஊக்க மருந்துகளுள் நம் நாட்டில் பெரிதும் வழங்குவது மெதில்பெனிடேட். மேனாடுகளில் ஆம்பெட்டமின் வகைகளும் வழங்குகின்றன. நரம்பணுக்களினின்று சுரக்கும் டோபமின், நாரட்ரினலின் என்னும் பொருள்கள் சுரந்தவுடன் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுதல் இயல்பு. மெதில்பெனிடேட் அவ்வாறு திரும்பும் வழியை அடைக்கின்றது. அதனால் அப்பொருள்கள் நரம்பிடைவெளியில் அதிக நேரம் நின்று வேலை செய்கின்றன, கவனம் கூடுகின்றது. நாரட்ரினலின் மூளைக்கு மட்டும் உரியதன்று. இதயத்தை விரைவுபடுத்துவதும் குருதிக் குழாய்களைச் சுருக்குவதும் அதுவே. ஆகவே இம்மருந்தை உண்போரின் நாடித்துடிப்பு சராசரியாக நிமிடத்திற்கு 3 முதல் 6 வரையும், இரத்த அழுத்தம் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையும் உயர்கின்றன. நல்ல இதயம் உடையவருக்கு இது பொருட்படுத்தத் தக்கதன்று. மருத்துவர் அளவிட்டுக் கொடுத்து, அவ்வப்போது சோதித்து வரும் வரையில் இம்மருந்து பயனுடையது என்பதில் ஐயமில்லை.

இம்மருந்தின் மற்றொரு விளைவு பசி குன்றுதல். இங்கேதான் இரு மாத்திரைகளின் உறவு தொடங்குகின்றது. ஆம்பெட்டமின் 1887-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது; நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராட் ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், தம் மருத்துவமனைச் சிறுவருக்கு அதனைக் கொடுத்தபோது அவர்களுடைய பள்ளிப் படிப்பில் வியத்தகு முன்னேற்றம் கண்டார். சிறுவர்கள் அதற்குக் கணக்கு மாத்திரை என்றே பெயரிட்டு விட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் அம்மருந்து பசியை அடக்குவதும் தெரியவந்தது. பின்னர்ப் பல்லாண்டுகள் அது எடை குறைக்கும் மருந்தாகவும் விலைபோயிற்று. கவனத்திற்கு ஒன்று, உடல் மெலிய ஒன்று என இரண்டையும் உண்பவர் இரு வேறு மருந்துகளை உண்பதாகவே எண்ணுகின்றார். உடலோ பெரும்பாலும் ஒரே மருந்தின் இரு பங்கை ஏற்கின்றது.

எடைகுறைப்பு மாத்திரைகளுள் இருப்பவை எவை? மிகப் பொதுவானது காப்பீன். குரானா விதை, தேயிலைச் சாறு என வேறு பெயர்களில் எழுதப்பட்டிருப்பினும் உள்ளிருப்பது அதுவே. முழு வளர்ச்சியுற்றவர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்பர். மாத்திரை ஒன்றிலேயே 200 மில்லிகிராம் இருத்தல் உண்டு. அதற்கு மேல் காலையும் மாலையும் காப்பி. அடுத்தது கசப்பு நாரத்தையினின்று எடுக்கப்படும் சினப்ரின். இதுவும் நாரட்ரினலினை ஒத்த இயல்பினது. எபெட்ரின் அடங்கிய எபெட்ரா மூலிகை, இதய நோயும் மூளைக் குருதிப்பெருக்கும் விளைத்தமையால், உணவுத் துணைப்பொருள்களில் அமெரிக்க அரசால் 2004-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது.

இவற்றினும் அஞ்சத்தக்கது சிபுட்ரமின். இது நாரட்ரினலின் திரும்பும் வழியை அடைக்கும் மருந்து. அஃதாவது மெதில்பெனிடேட் அடைக்கும் அதே வழியை. ஏறக்குறைய 10,000 நோயாளரைக் கொண்டு நடத்தி 2010-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், சிபுட்ரமின் உண்டவருள் 11.4 விழுக்காட்டினர் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கேடுகளுக்கு ஆளாயினர். வெற்று மாத்திரை உண்டவருள் 10.0 விழுக்காட்டினர். அவ்வாண்டே ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதனைக் கைவிட்டன. நம் நாட்டில் 2011 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. எனினும், மூலிகை என்று மட்டும் எழுதப்பட்ட எடைகுறைப்புப் பொருள்கள் பலவற்றில் அது மறைவாகக் கலந்திருத்தலைப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்துள்ளன. சீட்டில் எழுதப்படாத பொருளைப் பற்றி மருத்துவரும் எச்சரிக்க இயலாது.

பல மருந்துகளை ஒன்றாகக் கூட்டுவதன் கேட்டை உலகம் முன்பே ஒருமுறை கண்டிருக்கின்றது. 1960-களில் அமெரிக்காவில் வானவில் மாத்திரைகள் எனப்பட்டவை பெருவழக்காயிருந்தன. ஆம்பெட்டமின், தைராய்டுச் சத்து, சிறுநீர் பெருக்கி, இதயத்திற்குரிய டிஜிட்டாலிஸ் முதலியவற்றை வெவ்வேறு நிற மாத்திரைகளாக ஆக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்ததுபோல் தோன்றச் செய்து வழங்கினர். ஆம்பெட்டமினால் உறக்கம் கெட்டவருக்கு உறக்க மருந்தும் ஒரு நிறத்தில் உடன் கிடைத்தது! சிறுநீர் பெருக்கியினால் பொட்டாசியம் குறைந்த உடலில் டிஜிட்டாலிஸ் இதயத்தின் தாளத்தைக் குலைத்தது, மரணங்கள் நேர்ந்தன. 1968-ஆம் ஆண்டில் லைப் இதழின் பெண் நிருபர் ஒருவர், இயல்பிலேயே ஒல்லியானவர், இம்மருத்துவர்களை நாடிச் சென்றபோது அவருக்கும் மாத்திரைகள் கிடைத்தன. அவ்வாண்டே அமெரிக்க மேற்சபைக் குழு இதனை விசாரித்தது. ஒவ்வொரு மாத்திரையும் தனித்து நோக்கின் அறிந்த மருந்தே. கேடு கூட்டில் இருந்தது.

கூட்டினால் வரும் கேடு எப்போதும் மார்வலியாகவோ மயக்கமாகவோ வெளிப்படுவதில்லை. ஆசிரியர் அறிய வேண்டிய அரவமற்ற வழி ஒன்று உண்டு. பதினாறு வயது மாணவி ஒருத்தி மருத்துவர் கொடுத்த கவன மருந்தை ஒழுங்காக உண்டு வருகின்றாள் என்று கொள்வோம். தோழியர் சொற்கேட்டுக் காப்பீன் மிகுந்த எடைகுறைப்பு மாத்திரையையும் மறைவாக உண்ணத் தொடங்குகின்றாள். பகலில் பசியில்லை, இரவில் உறக்கமில்லை. காப்பீனின் பாதியளவு உடலினின்று நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்; மாலையில் உண்டது நள்ளிரவிலும் வேலை செய்கின்றது. உறக்கமும் உணவும் குறைந்த மாணவி வகுப்பில் கவனம் சிதறுகின்றாள், சினம் கொள்கின்றாள். மருந்து போதவில்லை என ஆசிரியர் பெற்றோருக்கு எழுதுகின்றார். பெற்றோர் அதனை மருத்துவரிடம் காட்டுகின்றனர். மருந்தின் அளவு கூட்டப்படுகின்றது. மூவரும் நல்லெண்ணத்துடனேயே நடந்துகொண்டனர். எனினும் இதயத்தின் மேல் ஏறிய சுமை இன்னும் ஒரு படி உயர்ந்துவிட்டது. ஆசிரியர் அக்கடிதத்தில் உண்ணாமை, உறங்காமை, எடைக்குறைவு ஆகியவற்றையும் குறித்திருப்பாரேல் மருத்துவர் வேறு வழியில் சிந்தித்திருப்பார்.

எடையைப் பற்றிய கவலை வேறு வழியாகவும் நுழையக்கூடும். மிகு சினமுடைய சிறுவர் சிலருக்கு ஊக்க மருந்தோடு ரிஸ்பெரிடோன் என்னும் மருந்தும் தரப்படுகின்றது. இஃது எடையைக் கூட்டும் இயல்புடையது. பிள்ளை பருத்துவிட்டதே என்று வருந்தும் பெற்றோர் கடைப்பொடியை நாடுவதில் வியப்பில்லை. அவர்களைக் கடிந்து பயனில்லை. எடை கூடியதை மருத்துவரிடமே கூறுமாறு அனுப்புதல் தக்கது.

எல்லா எடைகுறைப்பு மருந்தும் இதயத்தைத் தாக்குவதில்லை என்பதையும் கூற வேண்டும். ஆர்லிஸ்டாட் குடலில் மட்டும் வேலை செய்து, உணவுக் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செரியாமல் வெளியேறச் செய்கின்றது. ஆயினும் முன்னரே குறைவாக உண்ணும் பிள்ளைக்கு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடன் இழப்பாகும். கேரளத்து மீன் குழம்பில் இடும் கொடம்புளியின் சாறும் மாத்திரையாக வருகின்றது. குழம்பில் இட்டு உண்ட பொருளாயிற்றே எனக் கருதுதல் தவறு. செறிவூட்டிய சாற்றை உண்டவருள் கல்லீரல் பழுதுற்றோர் உண்டு.

களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது, மருந்து என்ன உண்கின்றீர்கள் என்று மட்டும் கேட்டால் இப்பொருள்கள் வெளிவரமாட்டா. மக்கள் இவற்றை மருந்தெனக் கருதுவதில்லை. பொடி, தேநீர், சத்துமாவு, அஞ்சலில் வந்த டப்பி எனப் பெயர் சொல்லிக் கேட்டல் வேண்டும். டப்பி கிடைப்பின் அதனை அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லச் சொல்லலாம். நிறுத்த வேண்டியது எடைகுறைப்பு மாத்திரையை. கவன மருந்தை அச்சத்தினால் தாமே நிறுத்திவிடலாகாது, அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. மார்வலி, மயங்கி விழுதல், தாளம் தவறிய படபடப்பு, திடீரென எழும் கடுந்தலைவலி, மிகு காய்ச்சலுடன் கூடிய பிதற்றல் இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உடற்பருமனைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தலை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் விலக்கியிருக்கின்றது. அதன் அட்டவணையிலேயே உடற்பருமன் இடம்பெற்றுள்ளது. இத்தகைய துண்டுப் பிரசுரம் கையிற் கிடைப்பின் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைக்கலாம். மருந்தினால் நேர்ந்த தீய விளைவை அறிவிக்க, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தொகுப்பு ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமன்றிப் பொதுமக்களும் இதில் அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கையில் சீட்டிலுள்ள மருந்தோடு சீட்டின்றி வாங்கியதன் பெயரையும் சேர்த்துக் கூறல் வேண்டும்.