பசியா? பழக்கமா?

வடபழனி ஆண்டவர் கோயிலில் அர்த்தஜாம பூஜை முடிந்ததும் ஸ்வாமியைப் பள்ளியறையில் எழுந்தருளச் செய்து, நடையைச் சாத்திவிடுகிறார்கள். அதன் பிறகு நைவேத்தியம் என்ற பேச்சே கிடையாது. மறுநாள் காலையில் நடை திறந்த பிறகுதான். ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருக்கும் பக்தர்கள் வீட்டிலோ, அந்த வேளைக்குப் பிறகுதான் இரண்டாவது நைவேத்தியம் ஆரம்பமாகிறது! மிக்ஸர் டப்பாவின் மூடி மெல்லத் திறக்கப்படுகிறது. முறுக்கு நொறுங்கும் ஓசை, அடுத்த அறையில் தூங்கும் குழந்தையை எழுப்பாதபடி மிகவும் ஜாக்கிரதையாகக் கேட்கிறது. குழந்தை எழுந்துவிட்டால் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டியிருக்குமல்லவா?

எட்டு மணிக்கு வயிறாரச் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணிக்கு ஏன் பசிக்க வேண்டும்? இது பசியா, அல்லது பசியின் வேஷம் போட்டுக்கொண்டு வரும் பழக்கமா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

விழித்திருந்த பேட்டை

வடபழனி இரவில் விழித்திருப்பது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. காரைக்குடியில் இருந்த ஏவி.எம். ஸ்டூடியோ 1948-ஆம் ஆண்டில் கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்திலேயே வாஹினி ஸ்டூடியோவும் வடபழனியில் எழும்பியது. படப்பிடிப்புக்குப் பகல் இரவு என்ற பேதம் இல்லை. விளக்குத் தூக்குகிறவர்களும், ஒப்பனைக்காரர்களும், துணை நடிகர்களும் விடிய விடிய உழைத்தார்கள். நடுநிசியில் அவர்களுக்குப் பசித்தது நிஜமான பசி. அவர்கள் குடித்த டீயையும் தின்ற பன்னையும் யார் குறை கூற முடியும்?

காலம் மாறிவிட்டது. வாஹினியை வளர்த்த நாகிரெட்டியார் 1972-இல் வடபழனியில் விஜயா ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தார். 2013-இல் அதற்கு அருகிலேயே பெரியதொரு வணிக வளாகம் திறக்கப்பட்டது. வேண்டியமட்டும் தின்பதற்கு ஓர் இடம், தின்றதற்கு வைத்தியம் செய்து கொள்ள ஓர் இடம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருப்பது நமது பேட்டையின் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும்! பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் அனுமதி அளித்தது. ஆர்க்காடு ரோட்டுக்குப் போகும் சிரமம்கூட இப்போது இல்லை. கைப்பேசியை விரலால் தொட்டால் போதும், பரோட்டா வாசலுக்கே வந்து மணி அடிக்கிறது.

உழைப்பவருக்காக ஏற்பட்ட இரவுச் சிற்றுண்டி, சோபாவில் சாய்ந்திருப்பவரின் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு இதுதான்.

தேகத்தின் கடிகாரம்

"எப்போது தின்றால் என்ன? வயிற்றுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?" என்று சிலர் கேட்பார்கள். தெரியும் என்பதுதான் விஞ்ஞானிகளின் விடை. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடிகாரம் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்து கண்டதற்காகவே மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இரவு ஏறஏற, ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி தேகத்தில் குறைகிறது. காலையில் சாப்பிட்ட அதே அளவு உணவை இரவில் சாப்பிட்டால், சர்க்கரை அதிகமாக ஏறி, மெதுவாக இறங்குகிறது.

பாஸ்டன் நகரத்துப் பிரிகாம் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உடல் பருத்த பதினாறு பேருக்கு ஒரே உணவை, ஒரே அளவில், ஒரு முறை உரிய வேளையிலும் மற்றொரு முறை சுமார் நான்கு மணி நேரம் தாமதித்தும் கொடுத்துப் பார்த்தார்கள். தாமதித்து உண்டபோது பசி உண்டாகும் வாய்ப்பு இரண்டு மடங்காயிற்று. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்னும் சுரப்பு நீர் குறைந்தது. தேகம் செலவழிக்கும் சக்தியும் குறைந்தது. ஆகவே இரவில் தின்பது பசியைத் தீர்ப்பதில்லை. மறுநாளைக்கு அதிகப் பசியைச் சம்பாதித்து வைக்கிறது!

இதை வேடிக்கையாக நினைத்துத் தள்ளிவிட முடியாது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் பதின்மூன்று கோடிக்கு மேல். ஐம்பது கிராம் மிக்ஸரில் ஏறக்குறைய 250 கலோரி இருக்கிறது. நாலைந்து இட்லிக்குச் சமமான அந்த உணவை, படுக்கப் போகும் முன் தினந்தோறும் உள்ளே தள்ளினால், அந்த வாசற்படியைத் தாண்ட அதிக நாள் ஆகாது.

பகலில் பிறக்கும் பசி

இரவுத் தீனியை நிறுத்த நினைப்பவர்கள் இரவு பதினொரு மணிக்கு டப்பாவின் முன் நின்று மனத்தோடு யுத்தம் செய்கிறார்கள். அந்த யுத்தத்தில் பெரும்பாலும் டப்பாதான் ஜயிக்கிறது. காரணம், இரவுப் பசியின் விதை பகலிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது.

காலையில் அவசரம் அவசரமாக அரை வயிறு. பகலில் ஆபீஸில் எதையோ கொறிப்பது. மாலையில் இரண்டு தம்ளர் காப்பி. ஐந்து மணிக்குக் குடித்த காப்பியின் ஊக்கத்தில் ஏறக்குறையப் பாதி, இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் தங்கியிருக்கிறது. தூக்கம் வராது. தூக்கம் வராதவர் கைப்பேசியைப் பார்ப்பார். அதைப் பார்க்கும்போது வாய் சும்மா இருக்காது. சிகாகோ சர்வகலாசாலையில் 2004-இல் நடந்த ஓர் ஆராய்ச்சியில் பன்னிரண்டு வாலிபர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். அவர்களுடைய பசி 24 சதவிகிதம் அதிகரித்தது. அவர்கள் மனம் நாடியதும் இனிப்பையும் உப்புப் பண்டங்களையுமே. தூக்கம் கெட்டால் தீனி. தீனியால் மறுபடியும் தூக்கக் கேடு! செக்கு மாடு சுற்றுவது போல் இது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பசியா, பழக்கமா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. "மோர் சாதம் இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் அது பசி. அவர் இரவு உணவைச் சரியாக உண்ணவில்லை என்று அர்த்தம். "மோர் சாதமா? வேண்டாம், முறுக்கு இருந்தால் கொடு" என்றால் அது பழக்கம், சந்தேகமேயில்லை.

வீட்டாரின் விரதம்

கந்த சஷ்டி வந்தால் இதே வடபழனியில் எத்தனையோ குடும்பங்கள் ஆறு நாள் விரதம் இருக்கின்றன. அந்த ஆறு நாளும் அந்த வீடுகளில் இரவில் டப்பா திறப்பதில்லை. மற்ற நாட்களில் முடியாத காரியம் அப்போது மட்டும் எப்படி முடிகிறது? வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்கிறார்கள். இத்தனை நாள் என்ற கணக்கு இருக்கிறது. பண்டமும் கண்ணெதிரே இருப்பதில்லை. பழக்கத்தை வெல்லும் உபாயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆகையால் தனியொருவர் சபதம் செய்வதை விட, குடும்பமாக இரண்டு வாரத்துக்கு ஓர் ஏற்பாடு செய்து கொள்வது மேல். காலையிலும் பகலிலும் வயிறாரச் சாப்பிடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு காப்பி வேண்டாம். இரவு உணவை ஏழரை அல்லது எட்டு மணிக்குள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து முடித்துவிடுங்கள். அதில் பருப்போ, சுண்டலோ, கீரையோ இருந்தால் வயிறு வெகுநேரம் தாங்கும். சாப்பிட்டானதும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, பல்லைத் துலக்கி, சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள். சமையலறைக்கும் நடை சாத்தும் வேளை ஒன்று வேண்டும். பக்ஷணங்களை மாலைச் சிற்றுண்டிக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். ஆசை எழும்பினால் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கால்மணி நேரம் பொறுத்திருங்கள். ஆசை அலையைப் போன்றது. எழும்பும், பிறகு அடங்கும். ஒருநாள் தவறினால் அதற்காக மனம் சோர வேண்டியதில்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

சிலர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை அவசியம். நீரிழிவுக்காக மாத்திரை உட்கொள்பவர்களும் இன்ஸுலின் போட்டுக்கொள்பவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இரவு உணவை மாற்றக் கூடாது. தூக்கத்தினிடையே பலமுறை எழுந்து தின்றால்தான் மறுபடியும் கண்ணயர முடிகிறது என்பவர்களுக்கு இருப்பது ஒரு நோய். ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க வைத்தியர் 1955-லேயே அதை விவரித்திருக்கிறார். அவர்களைக் கேலி செய்வது பிசகு; வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே முறை. இரவு வேலை பார்க்கும் நர்ஸுகளுக்கும் போலீஸ்காரர்களுக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்தா.

மஹாத்மா காந்தி 1915-இல் ஹரித்துவாரத்துக் கும்பமேளாவுக்குச் சென்றிருந்தபோது இரண்டு விரதங்களை மேற்கொண்டார். ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்பது ஒன்று. இருட்டிய பிறகு உண்பதில்லை என்பது மற்றொன்று. அவ்வளவு கடினமான விரதம் நம் போன்றவர்களுக்குச் சாத்தியமில்லைதான். ஆனால் எட்டு மணிக்குப் பிறகு ஒரு டப்பாவை மூடி வைப்பது அவ்வளவு பெரிய தியாகமா?

வீட்டில் குழந்தைகள் நாம் சொல்வதைக் கேட்கிறார்களோ இல்லையோ, நாம் செய்வதைத் தவறாமல் பார்க்கிறார்கள். தகப்பனார் பதினொரு மணிக்கு மிக்ஸர் தின்றால், பிள்ளை பன்னிரண்டு மணிக்குப் பீட்ஸா தருவிப்பான். இன்று மூடி வைக்கும் டப்பா அந்தப் பிள்ளையின் நாற்பதாவது வயதுக்காக மூடி வைப்பது. அவன் அப்போது மாத்திரைப் பெட்டியைத் திறக்க வேண்டியிராமல் இருந்தால், அதைவிடப் பெரிய ஆஸ்தி நாம் அவனுக்கு வைத்துவிட்டுப் போக முடியாது.