சிக்னல் வரும்வரை கணக்கு எங்கே இருக்கும்?

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் உச்சமுனையிலிருந்து தொழிலுக்குப் போகிறவருக்காக ஒரு வலைச்செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பட்ட மீன், எடை, எண்ணெய்ச் செலவு, சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் எல்லாவற்றையும் அவர் படகிலேயே பதிய வேண்டும். சிக்னல் கிடைத்து, பதிவு சேவையகத்துக்குப் போய்ச் சேரும்வரை கைப்பேசியின் உலாவிக்குள் இருப்பதுதான் அந்தக் கணக்கின் ஒரே பிரதி. உலாவியில் எந்தச் சேமிப்பிடத்தை எடுப்பது என்று வரும்போது நிரலாளர்கள் முதலில் கொள்ளளவைப் பார்க்கிறார்கள். தொலைந்தால் மீட்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தச் சேமிப்பிடங்களில் ஒன்றான குக்கீ 1994இல் நெட்ஸ்கேப் உலாவியில் பிறந்தது. ஒரு குக்கீக்கு ஏறத்தாழ 4,096 பைட்தான் இடம். தமிழை அதில் வைக்க வழக்கமான சதவீதக் குறியாக்கத்துக்கு மாற்றினால் ‘உச்சமுனை’ என்ற ஐந்தெழுத்துப் பெயரே 72 பைட் பிடிக்கும். அதுவும் ஒவ்வொரு கோரிக்கையோடும் போய்வரும்; மெலிந்த சிக்னலில் அது வீண் சுமை. ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ சுமார் 5 எம்பி தருகிறது, இரண்டே வரியில் வேலை முடிகிறது, எளிமையை ஏன் விட வேண்டும் என்று கேட்பார்கள். எழுத்தளவு, மொழித்தேர்வு போன்றவற்றுக்கு அதுவே போதும். போனாலும் மறுபடி தேர்ந்துகொள்ளலாம். பிடிபாட்டுக் கணக்குக்கு அது ஆகாது. அங்கே எல்லாமே சரம். பட்டியலை ஒரே சரமாக வைத்தால் ஒரு மீனைச் சேர்க்கவும் முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். செயலி இரண்டு தாவல்களில் திறந்திருந்தால், பிந்தி எழுதியது முந்தியதை அழித்துவிடும். பின்னணியில் இயங்கும் ‘சர்வீஸ் ஒர்க்கர்’ அதைத் தொடவும் முடியாது.

உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான ‘இண்டெக்ஸ்டு டிபி’யில் ஒவ்வொரு பிடிபாடும் தனிப்பதிவு. எழுதும்போது செயலி நின்றுபோனால் அந்தப் பரிவர்த்தனை முழுதாகப் பதிவாகும், அல்லது பதிவாகவே ஆகாது. அரைகுறைக் கணக்கு மிஞ்சாது. எழுதக் கடினம் என்ற குறை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கடினத்தைச் சுமக்கச் சிறிய நூலகங்கள் இருக்கின்றன, மேலும் அது நிரலாளர் ஒருமுறை படும் பாடு. கணக்கு தொலைந்தால் படகுக்காரர் படும் பாடு வேறு. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: இண்டெக்ஸ்டு டிபியும் நிரந்தரமில்லையே! உண்மை. கைப்பேசியில் இடம் குறைந்தால் உலாவி ஒரு தளத்தின் சேமிப்பை மொத்தமாகத் துடைக்கலாம். சஃபாரியோ 2020 முதல், உலாவியைப் பயன்படுத்திய 7 நாட்களில் அந்தத் தளத்தைத் தொடாவிட்டால், அது எழுதி வைத்ததை அழித்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மூர்க்கமாகி, தொழில் நின்று, செயலியைத் திறக்காமலே வாரங்கள் போகக்கூடிய கரைக்கு இது சின்ன விஷயமல்ல. முகப்புத்திரையில் சேர்த்த செயலிக்கு அந்த விதி பொருந்தாது. அதனால் முதல் நாளே அங்கே சேர்க்கச் சொல்ல வேண்டும், அழிக்காத சேமிப்புக்கு உலாவியிடம் அனுமதியும் கேட்க வேண்டும். அனுப்பப்படாத பதிவுகள் எத்தனை என்பது திரையில் எப்போதும் தெரிய வேண்டும். சேவையகம் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் அனுப்பாமல் கைப்பேசியிலிருந்து ஒரு வரியும் நீங்கக் கூடாது.